கொழுப்புக்கு ஒரு விரதம்

09.01.2025, வியாழன்.

இன்றைய பிழை: மார்க்கண்டு ஐயாவின் இடுப்பை, அவர் உடுத்திருந்த சாரத்து மடிப்பின் மேல் நாடாவை வைத்து அளந்துவிட்டேன். மடிப்பின் தடிப்பும் கணக்கில் சேர்ந்திருக்கும். அவர் எழும்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டு மறுபடி அளக்க வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதும் பிழைதான். அதைத் தனிப் பிழையாக எழுதுவதா, இதற்குள் அடக்குவதா என்று தெரியவில்லை.

சரியாகச் செய்தது: விரத உதாரணம். நன்றாக எடுபட்டது.

நாளை: சாரத்தைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கேட்பதற்கு மரியாதையான ஒரு வசனம் யோசித்து வைத்தல்.

இதை எழுதிய பெர்னடெட்டுக்கு இருபத்தாறு வயது. கடற்கரையில், கத்தோலிக்கர் நிறைந்த குருநகரில் வீடு, கொக்குவில் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. கொழுப்பு, பிரஷர், சீனி என்று கிளினிக்குக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுப்பது அவள் பொறுப்பு. சொல்லிக் கொடுக்கும் அளவுக்குத் தனக்கு ஏதாவது தெரியுமா என்று அவளுக்கே சந்தேகம். அதனால் செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் ரவுணில் நடக்கும் போசாக்கு வகுப்பில் சேர்ந்திருந்தாள். வகுப்பெடுத்த அருந்ததி மிஸ் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். முதலில் அன்றைய பிழை, பிறகு சரியாகச் செய்தது, கடைசியில் நாளைய வேலை. மற்றவர்கள் ஒரு கிழமைக்கு உரியதை வகுப்புக்கு வரும் பஸ்ஸில் இருந்து ஒரே மூச்சில் எழுதினார்கள். பெர்னடெட் ஒரு நாளும் தவறவில்லை. பிழை ஒன்றும் அகப்படாத நாளில், கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று அதையே பிழையாக எழுதினாள்.

அந்த வியாழக்கிழமை கிளினிக்குக்கு வந்த மார்க்கண்டர் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். அறுபத்துமூன்று வயது. நடையில் குறைவில்லை, கதையிலும் குறைவில்லை. இரத்தத்தில் மட்டும் கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்திரண்டு. டொக்டர் தேவராசா குளிசை எழுதப் பேனையை எடுத்ததும் மார்க்கண்டர் கையை நீட்டி மறித்தார்.

"டொக்டர், என்னை வெட்டுங்கோ, கொத்துங்கோ. உந்தக் கொழுப்புக் குளிசை மட்டும் வேண்டாம்."

"ஏன், ஐயா?"

"என்ரை அண்ணை ஆழ்வாப்பிள்ளை. குளிசை துடங்குமட்டும் மனுசன் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு திரிஞ்சவர். கொழுப்பெண்டு குளிசை துடங்கி வருசம் முடியேல்லை, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர்தான்."

"குளிசையாலை ஆரும் சாகிறேல்லை."

"அண்ணை செத்தவர்தானே."

அதற்கு டொக்டரிடம் மறுமொழி இருந்தது. ஆனால் வெளியே வரிசை நீளமாக இருந்தது. "சரி, மூண்டு மாசம் தாறன். சாப்பாட்டாலை குறைச்சுக் காட்டுங்கோ. இல்லையெண்டால் குளிசைதான். பிறகு கதையில்லை. மிஸ், இவரைப் பாருங்கோ."

பெர்னடெட்டின் மேசைக்கு வந்து இருந்த மார்க்கண்டர் குரலைத் தணித்தார். "உங்களிட்டை ஒளிக்கேல்லை, பிள்ளை. மூண்டு மாசத்திலை குறையேல்லையெண்டால் நான் இந்தப் படியிலை கால் வைக்கமாட்டன். குளிசைக்குப் பயந்து ஓடிட்டான் எண்டு சனம் சொன்னாலும் பரவாயில்லை."

அவர் சொன்னதைச் செய்கிற ஆள் என்பது முகத்தில் தெரிந்தது. இந்த மனிதர் கிளினிக்குக்கு வருவதும் வராமல் வீட்டில் இருந்து விழுவதும் இப்போது பெர்னடெட் சொல்லப்போகும் சாப்பாட்டில் தங்கியிருந்தது. அவள் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பது போல வாசித்தார்.

"நிரம்பிய கொழுப்பமிலங்கள் அடங்கிய உணவு வகைகளை மட்டுப்படுத்துக." கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உதைத் தமிழிலை சொல்லுங்கோ."

"இது தமிழ்தானே, ஐயா."

"இது கந்தோர்த் தமிழ். அடுப்படித் தமிழிலை சொல்லுங்கோ."

நோயாளியின் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்து விளக்க வேண்டும் என்று அருந்ததி மிஸ் அந்தக் கிழமைதான் படிப்பித்திருந்தார். பெர்னடெட் மார்க்கண்டரை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் மூன்று குறித் திருநீறு பளிச்சென்று இருந்தது. அவளுக்கும் மூளையில் ஏதோ பளிச்சென்றது.

"ஐயா விரதம் பிடிக்கிறனீங்களோ?"

"என்ன பிள்ளை கேள்வி? செவ்வாய், வெள்ளி, கந்தசட்டி, திருவெம்பாவை, ஒண்டும் விடுறேல்லை."

"அப்ப வேலை சுகம். விரத நாளிலை எப்பிடிச் சாப்பிடுவியளோ, அப்பிடியே ஒவ்வொரு நாளும் சாப்பிடுங்கோ. வேறை ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

மார்க்கண்டரின் முகம் மலர்ந்தது. தண்டனை கேட்க வந்தவருக்குப் பரிசு அறிவித்தது போல இருந்தது. "இவ்வளவும்தானோ! மகாதேவிக்குத்தான் கரைச்சல்," என்று மனைவியை நினைத்துச் சிரித்துக்கொண்டே எழும்பினார். நோயாளி இவ்வளவு சந்தோசமாக ஒரு பத்தியத்தை ஏற்றுக்கொண்டால் சந்தேகப்பட வேண்டும் என்று எந்த வகுப்பிலும் படிப்பிப்பதில்லை. பெர்னடெட் இடுப்பளவைப் பற்றி மட்டும் சந்தேகப்பட்டாள்.

அவள் விரதத்தை அறிந்தது இரண்டு வழிகளில். ஒன்று, நேர்சிங் படித்த காலத்தில் ஒரே அறையில் இருந்த நிரோஜா. கந்தசட்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருந்து, ஏழாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். மற்றது, அவளுடைய சொந்தக் கத்தோலிக்க வேதத்தில் தபசுகாலத்து ஒருசந்தி. காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் ஒரு நேரம், அதுவும் அவள் வரையில் கஞ்சி. சைவ வீட்டுச் சிநேகிதிகள் நிறைய இருந்தார்கள். திருவிழாவுக்கு வாழையிலைத் துண்டில் பொங்கல் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். ஆனால் விரத நாளில் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு இருத்தி ஒருவரும் இலை போட்டதில்லை. ஆகவே விரதம் என்றால் வயிற்றைக் காயப்போடுவது என்று அவள் நினைத்ததில் வியப்பில்லை.

அடைப்புக்கு அந்தப் பக்கம் இருந்த டொக்டர் தேவராசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசை முடிந்ததும் வந்து, "நல்ல உதாரணம், மிஸ். சனத்துக்கு உடனை விளங்கும். நானும் சொல்லப்போறன்," என்றார். அவர் வட்டுக்கோட்டைச் சைவர். அருந்ததி மிஸ் நாட்குறிப்பை வாசித்துவிட்டு அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடிழுத்து 'மிக நன்று' என்று எழுதினார். அவரும் வெள்ளிக்கிழமை விரதக்காரர். இப்படி இரண்டு பக்கமும் அங்கீகாரம் கிடைத்த பிறகு, பெர்னடெட் அந்த வசனத்தை எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினாள்.

மாசி மாதம் மார்க்கண்டர் வந்தபோது ஆள் வெற்றி வீரனைப் போல இருந்தார்.

"மீனில்லை, முட்டையில்லை, இறைச்சியில்லை. மீன்காரன் எங்கடை படலையடியிலை ஹோர்ன் அடிக்கிறதையே விட்டிட்டான், பிள்ளை. போன கிழமை மச்சான் வீட்டிலை ஆட்டிறைச்சி. மணத்துக்கே எழும்பி வெளியிலை வந்து நிண்டிட்டன்."

"நல்லது, ஐயா. தராசிலை ஏறுங்கோ."

ஏறினார். போன முறையிலும் பார்க்க ஒன்றரைக் கிலோ கூட. பெர்னடெட் தராசை நகர்த்தி வைத்து மறுபடி ஏற்றினாள். பிறகு தான் ஏறிப் பார்த்தாள். அவளுடைய நிறை மாறவில்லை. அன்றிரவு நாட்குறிப்பில் 'தராசைச் சரிபார்க்காமல் பாவித்தது' என்று பிழை எழுதினாள். அடுத்த நாள் தராசைத் திருத்த ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினாள். பங்குனியில் இன்னுமொரு கிலோ ஏறியிருந்தது. அப்போது தராசை விட்டுவிட்டுத் தன் கண்ணைச் சந்தேகித்தாள். அவள் சந்தேகப்படாத ஒன்று அந்த வசனம் மட்டும்தான். அதற்குத்தான் சிவப்பு மையில் கோடு இருந்ததே.

சித்திரை தொடக்கத்து வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனை மறுமொழி வந்தது. நூற்று எண்பத்தொன்று.

பெர்னடெட் அதை இரண்டு தரம் வாசித்தாள். பெயர் மாறியிருக்குமோ என்று பார்த்தாள். மாறவில்லை. இரத்தம் எடுக்க முதல் ஏதும் சாப்பிட்டவரோ என்று கேட்டாள்.

"பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை," என்றார் மார்க்கண்டர். குரலில் முந்திய எடுப்பு இல்லை. "எவ்வளவு?"

சொன்னாள்.

டொக்டர் தேவராசா கடதாசியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, விரதமெண்டு சொல்லிப்போட்டு எங்கை போய்க் களவாச் சாப்பிடுறியள்? ரவுணிலை கொத்து ரொட்டிக் கடையிலையோ?"

மார்க்கண்டர் எழும்பிவிட்டார். "டொக்டர், இருபத்தைஞ்சு வருசம் சங்கக்கடைத் திறப்பு என்ரை மடியிலை இருந்தது. ஒரு பிடி சீனி எடுத்து வாயிலை போட்டிருப்பனோ? என்னைக் கள்ளன் எண்டுறியளோ?"

"கொழுப்பு பொய் சொல்லாது, ஐயா."

"அப்ப நான் சொல்லுறனோ?" அவர் பெர்னடெட்டின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நாளைக்கு வெள்ளி. மத்தியானம் வீட்டை வாங்கோ. அடுப்படி, அலுமாரி, பிறிட்ஜ், எல்லாம் திறந்து பாருங்கோ. பாத்திட்டுச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நானும் உங்கடை ஆஸ்பத்திரியும் ஆளுக்கொரு வழி."

அவர் போன பிறகு டொக்டர் சொன்னார்: "போய்ப் பாத்திட்டு வாங்கோ, மிஸ். எங்கையாவது ஒரு கருவாட்டுத் தலை அம்பிடும்."

வெள்ளிக்கிழமை பெர்னடெட் துப்பறியப் போகிறவளைப் போலத்தான் போனாள். ரெயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில், உயரமான மதிலுக்குள் வீடு. மார்க்கண்டர் தோய்ந்து, திருநீறு பூசி, வேட்டியோடு சுவாமி அறையில் நின்றார். மகாதேவி படலைக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். மெலிந்த, சுறுசுறுப்பான மனுசி. முகத்தில் மட்டும் கனகாலக் களைப்பு.

"நீங்கள்தான் அந்த நேர்ஸ் பிள்ளையோ? வாங்கோ. எந்த இடம்?"

"குருநகர், அம்மா."

"ஓ, குருநகரோ?" ஒரு கணம் நின்று, "சரி, சரி. இருங்கோ. இண்டைக்கு எங்களோடைதான் சாப்பாடு," என்றார்.

தண்ணீர் கேட்கிற சாட்டில் பெர்னடெட் குசினிக்குள் போனாள். பிறிட்ஜில் முட்டை இல்லை. மீன் வெட்டுகிற பலகை சுவரில் காய்ந்துபோய்த் தொங்கியது. கருவாட்டு மணம் மருந்துக்கும் இல்லை. மனிதர் சொன்னது அவ்வளவும் உண்மை. நிம்மதியோடு திரும்பியவள் பின்கதவால் வெளியே பார்த்தாள். கிணற்றடிக்குப் போகிற வழியில், வேலியோரம், அவளுடைய இடுப்பு உயரத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை குவிந்து கிடந்தது.

"அம்மா, இவ்வளவு சிரட்டையும்?"

"எல்லாம் உங்கடை புண்ணியம்தான், பிள்ளை," என்று மகாதேவி அலுத்துக்கொண்டார். "முந்தி செவ்வாயும் வெள்ளியும்தான் விரதச் சமையல். மற்ற நாளிலை ஒரு மீன் குழம்பும் கீரையும் வைச்சால் மனுசன் பேசாமல் திண்டிட்டுப் படுக்கும். இப்ப ஒவ்வொரு நாளும் விரதம். நாளுக்கு ரெண்டு தேங்காய், வெள்ளியெண்டால் மூண்டு. திருவி, பிழிஞ்சு, என்ரை தோள்மூட்டு கழண்டு போச்சு. ஆனா கொழுப்புக்கெண்டு டொக்டர்மார் சொன்னால் செய்யாமல் விடேலுமே?"

பெர்னடெட் சிரட்டைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

இலை போட்டார்கள். குத்தரிசிச் சோறு. அதன் தலையில் பருப்பு. பருப்பின் தலையில், அவள் கையை நீட்டி மறிக்க முதலே, ஒரு கரண்டி நெய். பூசணிக்காய்க்கு முதற்பால் விட்டு ஒரு வெள்ளைக்கறி. கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்தெடுத்து, அதற்கும் பால் விட்டு ஒரு குழம்பு. வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய்ப் பொரியல், அப்பளம். இரண்டு உழுந்து வடை. சோற்றுக்கு மேலே கடைசியாகப் பாலும் தேசிக்காயும் மணக்கிற சொதி. இது போதாதென்று ஒரு கிண்ணத்தில் சவ்வரிசிப் பாயாசம். மேலே நெய்யில் வதக்கிய கஜு மிதந்தது.

"சாப்பிடுங்கோ, பிள்ளை. சுத்த சைவம். ஒரு துளி கொழுப்பு இல்லை," என்று மார்க்கண்டர் எதிர் இலையில் இருந்து உபசரித்தார்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடியோ, ஐயா?"

மகாதேவி முந்திக்கொண்டார். "சீ, இல்லை. உழுந்து வடை வெள்ளிக்கும் செவ்வாய்க்கும்தான். மற்ற நாளிலை கடலை வடை."

"இரவிலை?"

"இரவிலை சோறு தொடார். விரதமெல்லோ. இடியப்பமும் சொதியும், இல்லாட்டிப் பால்ப்புட்டு."

"காலமை?"

"வெறும் தேத்தண்ணி," என்றார் மார்க்கண்டர் பெருமையாக. "காலமை ஒண்டும் வாயிலை வைக்கிறேல்லை. அதாலை மத்தியானம் கொஞ்சம் வடிவாச் சாப்பிடலாம்."

பெர்னடெட் சாப்பிட்டாள். இலையில் போட்டதை மிச்சம் விட்டால் மகாதேவியின் முகம் என்னாகும் என்று நினைத்து, எல்லாவற்றையும் சாப்பிட்டாள். அவளுடைய வாழ்நாளில் இவ்வளவு ருசியான சாப்பாடு சாப்பிட்டதில்லை. அது இன்னும் வேதனையாக இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே நோயாளி இவர்தான். அதனாலேயே ஏறியிருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டியிருந்தாலும், இரண்டு நாள் களவாக மீன் சாப்பிட்டிருந்தாலும் கொஞ்சம் தப்பியிருப்பார்.

டொக்டரையும் அருந்ததி மிஸ்ஸையும் நினைத்தாள். இந்த இலையில் என்னென்ன விழும் என்று இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சைவம் என்றால் சுத்தம். சுத்தமானதுக்குள் கொழுப்பு எப்படி வரும்? தெரியாத அவள் சொன்னாள். தெரிந்த அவர்கள் தலையாட்டினார்கள்.

ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகலாம். போய், 'ஒன்றும் அகப்படவில்லை' என்று சொல்லலாம். டொக்டர் இவரைக் கள்ளன் என்றே நினைத்துக்கொள்வார், இவர் கோபத்தோடு வீட்டில் இருந்துவிடுவார், அந்த நூற்று எண்பத்தொன்று இவரோடேயே இருக்கும்.

"ஐயா, பிழை என்னிலை," என்றாள்.

மார்க்கண்டரின் கை பாயாசக் கிண்ணத்தில் நின்றது.

"விரதச் சாப்பாடு இப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. கஞ்சி மாதிரி ஏதோ எண்டு நினைச்சுச் சொன்னனான். கொழுப்பு மீன், இறைச்சியெண்டு மச்சத்திலை மட்டும் இல்லை, ஐயா. தேங்காய்ப்பாலிலை இருக்கு, நெய்யிலை இருக்கு, பொரியலிலை இருக்கு. நீங்கள் முந்திச் சாப்பிட்ட மீன் குழம்பும் கீரையும் இதைவிடத் திறம். நான்தான் உங்களை இதுக்குள்ளை விழுத்தினனான்."

சொல்லி முடிக்க ஒரு ரெயில் போனது. சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"அப்ப," என்றார் மகாதேவி மெல்ல, "மூண்டு மாசமாய் இடுப்பு முறிய இவருக்கு நான் சமைச்சுப் போட்டது..."

"அம்மா, உங்களிலை பிழையில்லை."

மார்க்கண்டருக்கோ முகத்தில் விளக்கு ஏற்றியது போல இருந்தது. "என்னிலையும் பிழையில்லை! உந்த டொக்டர் என்னைக் கள்ளன் எண்டாரே! சொல்லுங்கோ பிள்ளை, நாளைக்கே போய் அந்த மனுசனுக்குச் சொல்லுங்கோ." அவர் இன்னொரு வடையை எடுத்தார், பிறகு யோசித்துத் திரும்ப வைத்தார். "இன்னொண்டு. சாப்பாட்டு வைத்தியம் தோத்ததெண்டு இனிச் சொல்லேலாது. துடங்கவே இல்லையே. இன்னும் மூண்டு மாசம் தாங்கோ. குளிசைக் கதையை விடுங்கோ."

பெர்னடெட்டுக்குத் தன் உண்மை எங்கே போய் நின்றது என்று அப்போதுதான் தெரிந்தது. நேர்மையாகச் சொல்லப் போய், அவர் தப்பி ஓடுவதற்குப் படலையைத் தானே திறந்து கொடுத்துவிட்டாள்.

"ஐயா, இப்ப நூற்று எண்பத்தொண்டு. அண்ணைக்கும் இருதய வருத்தம். இனிச் சாப்பாட்டோடை குளிசையும் வேணும். பாத்துக்கொண்டிருக்கேலாது."

"அண்ணையைப் பற்றிக் கதைக்காதேங்கோ. அண்ணையைத் திண்டதே குளிசைதான்."

"கொண்ணர் எங்கை குளிசை போட்டவர்?" என்றார் மகாதேவி.

"ஏன், ஆஸ்பத்திரியிலை குடுத்தது?"

"குடுத்தவை. மச்சம் தின்னுற நாளிலை மட்டும் போட்டவர். சைவ நாளிலை கொழுப்பில்லை, குளிசை என்னத்துக்கெண்டு விட்டிடுவர். செவ்வாய், வெள்ளி, சட்டி ஆறு நாள், திருவெம்பாவை பத்து நாள், பிறகு அம்மனுக்கெண்டு ஒரு மாசம். அவற்றை மனுசி, அக்கா, செத்தவீட்டிலை சொல்லி அழுதவ. பாதிப் பெட்டிக் குளிசை அப்பிடியே அலுமாரிக்குள்ளை கிடந்ததாம்."

"ஏனப்பா இதை எனக்கு முந்திச் சொல்லேல்லை?"

"நானும் அதுதான் சரியெண்டு நினைச்சன். இப்ப இந்தப் பிள்ளை சொல்லத்தானே தெரியுது, சைவ நாளிலையும் கொழுப்பு இருக்கெண்டு."

மார்க்கண்டர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெய் ஆறி, சோற்றின் ஓரத்தில் வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது.

"அண்ணை போனது திருவெம்பாவைக்குள்ளை," என்றார்.

அவர் இலையை மடித்து எழும்பினார். கிணற்றடியில் கை கழுவிவிட்டு வரக் கனநேரம் எடுத்தது. வந்தவர் கதிரையில் இருந்து துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"உது சைவ நாளிலையும் போடவேணுமோ, பிள்ளை?"

"ஓம், ஐயா."

"வெள்ளிக்கும்?"

"வெள்ளிக்கும்."

"சட்டிக்கு? தண்ணியும் மிளகுமாய் இருந்தாலும்?"

"அண்டைக்கும்தான்."

"விரதம் முடிக்கிற பாறணையண்டாவது விடலாமோ?"

"அண்டைக்குத்தான் ரெண்டு போடவேணும்!" என்று மகாதேவி குசினியிலிருந்து கத்தினார். "நீர் பாறணைக்குத் தின்னுற தீனிக்கு!"

"கேட்டியளே கதையை? மூண்டு மாசமாய் என்னைக் கொல்லப் பாத்த மனுசி."

"நான் சமைச்சன். தின்னெண்டு வாயைப் பிளந்து விட்டனானே?"

"சரி, சரி. கொண்டு வாங்கோ பிள்ளை குளிசையை," என்றார் மார்க்கண்டர். "ஆனால் உந்த டொக்டரிட்டை நான் வரமாட்டன். கள்ளன் எண்டதுக்கு அவர் வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அதுமட்டும் நீங்கள்தான் கொண்டுவரவேணும்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டொக்டர் தேவராசா சாப்பிட இருந்துகொண்டிருந்தார். மேசையில் வட்டுக்கோட்டையிலிருந்து வந்த சாப்பாட்டுக் கரியர்.

"என்ன மிஸ், கருவாட்டுத் தலை அம்பிட்டதோ?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இலையில் விழுந்தவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, அவருடைய கண் கரியரின் பக்கம் போனது. மேல்தட்டைத் திறந்தார். வடை இருந்தது. மூடினார். இரண்டாம் தட்டைத் திறக்கவில்லை.

"இந்த விரதக் கதையை நான் எத்தினை பேருக்குச் சொன்னனான் தெரியுமோ?"

"தெரியாது, டொக்டர்."

"எனக்கும் தெரியாது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நூற்று எண்பத்தொண்டு. குளிசையை எழுதுறன். மன்னிப்பைப் பிறகு பாப்பம்," என்றார். பேனையை எடுத்தவர் கரியரைத் தள்ளி வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை, வீட்டில் பார்த்துப் பார்த்துச் சமைத்தது.

பின்னேரம் குருநகரில் வீட்டு வாசலுக்கு வரும்போதே நண்டுக் குழம்பு மணத்தது. தபசுகாலத்து வெள்ளி. அம்மா வாசலில் நின்று சொன்னார்: "கெதியா உடுப்பை மாத்திப்போட்டு வா. இண்டைக்குச் சுத்தபோசனமெல்லோ, இறைச்சியில்லை. நண்டும், இறால் பொரியலும், கணவாய்ப் பால்கறியும்தான்."

"அம்மா, நீங்கள் கடைசியா எப்ப இரத்தம் சோதிச்சனீங்கள்?"

"எனக்கென்னடி? தபசுகாலம் முழுக்க நான் இறைச்சி தொட்டனானே?"

பெர்னடெட் சிரிக்கத் தொடங்கினாள், நிற்பாட்ட முடியவில்லை. அம்மா பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

சாப்பாடு வேண்டாம், வெளியில் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு நாட்குறிப்பை எடுத்தாள். பிழை என்ற இடத்தில் எழுதத் தொடங்கி ஒரு பக்கம் போய்விட்டது. அதிகமாக எழுதி அதையும் அழகாக்கிவிடுகிறேனோ என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, 'கேட்காமல் சொன்னேன்' என்று மட்டும் எழுதினாள். சரியாகச் செய்தது என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். பிறகு கடைசி வரிகளை எழுதினாள்.

நாளை: குளிசையை மார்க்கண்டு ஐயா வீட்டில் கொடுத்தல். மகாதேவி அம்மா சமைத்து முடியும்வரை குசினியில் நின்று பார்த்தல். அதற்கு முதல் வாய் திறவாதிருத்தல்.